ஒயருக்கு விசிறி வீசிய கதை

காலை வேளை. ஸ்ரீரங்கத்தில் வக்கீல் மாமா வீட்டு உள்கூடம். நான் முக்காலி மேல் ஏறி நின்று, உத்தரத்துக்குக் கீழே ஓடும் இரண்டு மின்சார ஒயர்களுக்குப் பனை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் வக்கீல் மாமி, ஒன்பது கெஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மரப்பெட்டியின் மேல் நின்று வீசுகிறாள். நடுவில் வக்கீல் மாமா. வீட்டில் இருந்த பனை விசிறிகளை நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டுவிட்டதால், அவர் கையில் இருந்தது திருவாலவட்டம். பட்டும் ஜரிகையும் வைத்துத் தைத்து, பெருமாளுக்கு மட்டுமே வீசுகிற வட்ட விசிறி.

அந்தச் சமயம் பார்த்து எலெக்ட்ரிக் இன்ஸ்பெக்டர் அருளப்பன் நிலைப்படியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் எங்காத்துக்காரர், சோதனைப் பெட்டியைச் சுமந்துகொண்டு, மூச்சு விட மறந்துபோய் நின்றார்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். திருவாலவட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு இவருக்கு லைசென்ஸ் கிடைக்காமல் போயிருந்தால், இந்தத் தொடரை நான் துறையூரில் கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுத நேர்ந்திருக்கும். இல்லை, எழுதியே இருக்க மாட்டேன். என் ஓர்ப்படி பேனாவையும் பூட்டி வைத்திருப்பாள்.

வேலையை விட்ட மகானுபாவர்

போன இதழில் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். "ரயில்வே மாப்பிள்ளை என்று எழுதினீர்களே, பிறகு அவர் காண்டிராக்டர் ஆனது எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அதை நானும் அந்த நாளில் இவரிடம் பல விதமாகக் கேட்டிருக்கிறேன். குரல்தான் இவ்வளவு மரியாதையாக இருக்காது.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிக் பிரிவில் இருந்தார். நல்ல வேலை. ஒரு நாள் மத்தியானம் காபி குடிக்கும்போது, தம்ளரைக் கீழே வைக்காமலே, "ராஜினாமா கொடுத்துட்டேன்" என்றார். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அப்போதுதான் தெருவுக்குத் தெரு மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் வீட்டுக்கு வீடு ஒயர் இழுக்க வேண்டும், இழுக்கத் தெரிந்தவன் நான், எனக்கு எதற்கு ஒருத்தன் கீழே வேலை என்பது இவர் வாதம்.

இவருடைய அண்ணா துறையூரில் கடலை மண்டி வைத்திருந்தார். செய்தி கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். திட்டவில்லை. அவர் திட்டினால்கூடத் தேவலை. கூடத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை நீவிக்கொண்டே, சித்திரை வருஷப் பிறப்புக்குள் லைசென்ஸ் வரவில்லை என்றால் குடும்பத்தோடு துறையூருக்கு வந்து மண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இவரும் தலையை ஆட்டிவிட்டார்.

மச்சினர் தங்கமானவர். அவர் பெண்டாட்டிதான் என் கவலை. அந்த வீட்டில் காபிப் பொடி டப்பாவுக்குப் பூட்டு உண்டு. சாவி என் ஓர்ப்படியின் இடுப்பில். காலை ஒரு தடவை திறப்பாள், மத்தியானம் ஒரு தடவை திறப்பாள், அவ்வளவுதான். தலைவலி வந்தாலும் அவள் நேரத்தில்தான் வரவேண்டும். கல்யாணமான புதிதில் அங்கே பத்து நாள் இருந்து பார்த்தவள் நான். அதனால் லைசென்ஸ் வேண்டும் என்று இவர் ஒரு பங்கு வேண்டிக்கொண்டார் என்றால், நான் ரங்கநாதரை நச்சரித்தே விட்டேன்.

சர்க்கார் கேட்ட சாமான்கள்

அதுவரை திருப்புளி பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் ஒயரிங் செய்துகொண்டிருந்தான். சிலபேர் செய்த ஒயரிங்கில் விளக்கைப் போட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் ஷாக் அடித்தது. சர்க்கார் விழித்துக்கொண்டு, இனி லைசென்ஸ் இல்லாதவன் ஒயரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

லைசென்ஸ் என்றால் சும்மா இல்லை. மதராஸ் போய்ப் பரீட்சை எழுதி சூபர்வைசர் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். அதை இவர் வாங்கிவிட்டார். வீட்டை விட்டுத் தனியாக ஓர் ஆபீஸ் வேண்டும், அதற்கு போர்டு வேண்டும். தென்னூரில் தையற்கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவே, இரண்டு கடையும் வேண்டாம் என்று விட்ட ஓர் இடுக்கைப் பிடித்தார். இவர் நல்லவர், யோக்கியர் என்று ஊரில் பெரிய மனிதர்கள் எழுதித் தரவேண்டும். "இதை என்னைக் கேட்டிருந்தா நான் எழுதிக் கொடுத்திருப்பேனே" என்றேன். நான் எழுதுவதற்குத்தான் பயந்தார் போலிருக்கிறது, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே மெக்கர் என்று ஒரு பெட்டி. அதன் கைப்பிடியைச் சுற்றினால், ஒயரின் மேலுறை வழியாக மின்சாரம் கசியுமா கசியாதா என்று முள் காட்டும். சீமையிலிருந்து வரவேண்டும். என் ஒட்டியாணம் போய் அந்தப் பெட்டி வந்தது. கொஞ்ச நாள் நான் அதை மெக்கர் என்றே சொல்லவில்லை. "என் ஒட்டியாணத்தை எங்கே வச்சேள்?" என்றுதான் கேட்பேன்.

இன்னொரு விதியும் உண்டு. ஷாக் அடித்து விழுந்தவனுக்கு மூச்சு வரவழைப்பது எப்படி என்று காண்டிராக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் படத்தை ஆபீஸில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும். படத்தில் ஒருவன் குப்புறப் படுத்திருப்பான், இன்னொருவன் அவன் மேல் மண்டியிட்டு முதுகை அமுக்குவான். இவர் தினமும் எங்கள் தலைகாணியைப் படுக்க வைத்து அமுக்கிப் பழகினார். பஞ்சு வெளியே வந்ததே தவிர அது பிழைக்கவில்லை.

தென்னூர் ஆபீஸில் படத்தை மாட்டிய மறுநாள், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். இவர் தாட்சண்யம் பார்க்கிற மனுஷர். படத்தில் இருந்தபடியே அமுக்கிவிட்டார். வந்தவர் எழுந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார். மறுநாள் மச்சானையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மாதம் பூராவும் ஒயரிங்குக்கு வந்தவர்களைவிட முதுகுக்கு வந்தவர்களே அதிகம். வெற்றிலைக் கடைக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

கரண்ட்டுக்கு மடி உண்டா?

இத்தனையும் சேர்த்துக் கொடுத்தபின் சர்க்கார் கொடுத்தது தற்காலிகப் பெர்மிட் ஒன்றுதான். அந்தப் பெர்மிட்டில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து மெக்கர் வைத்துப் பார்ப்பார். பாஸானால்தான் முழு லைசென்ஸ். மூன்றாம் தடவையும் ஃபெயிலானால் பெர்மிட்டும் ரத்து. பாஸாகும்வரை அந்த வீட்டுக்குக் கரண்ட்டே கொடுக்க மாட்டார்கள்.

முன்பின் தெரியாதவனிடம் வீட்டைக் கொடுக்க யார் வருவார்கள்? எங்கள் தெருவில் வக்கீல் மாமாதான் பெரிய மனது பண்ணினார். கோர்ட்டில் பேசிப் பேசி அவருக்கு எதிலும் ஒரு துணிச்சல். மாமிக்குத்தான் சந்தேகம்.

மாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் மடிக்குப் பேர்போனவர்கள் பலபேர். அவர்களெல்லாம் மாமியைக் கண்டால் ஒதுங்கி நடப்பார்கள். விடியற்காலையில் தீர்த்தமாடி, தோய்த்து யாரும் தொடாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டால், திருவாராதனப் பூஜையும் தளிகைச் சமையலும் முடிகிறவரை மாமி பக்கம் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும்.

அவள் இவரைக் கூப்பிட்டு விசாரித்தாள். "இந்தக் கரண்ட் எங்கேர்ந்து வரது?"

பவர் ஹவுஸிலிருந்து என்றார் இவர்.

"நேரா நம்மாத்துக்கு வரதா, வழியிலே யார் யார் ஆத்துக்கோ போயிட்டு வரதா?"

சூபர்வைசர் பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை. வக்கீல் மாமா குறுக்கே வந்து, காவேரியும் குடகிலிருந்து எத்தனையோ ஊரைத் தொட்டுக்கொண்டுதானே வருகிறது, அதில் நீ தீர்த்தமாடவில்லையா என்று ஒரு போடு போட்டார். காவேரி ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியவில்லையே என்றாள் மாமி. வழக்கு இரண்டு நாள் நடந்தது. கடைசியில் சமாதானம் ஆயிற்று. கரண்ட் வரலாம், ஆனால் சுவிட்சை மாமி கையால் தொட மாட்டாள், மடிக்கோலின் நுனியால்தான் தட்டுவாள். உயரத்தில் கட்டிய கொடியில் மடித்துணியைக் கைபடாமல் போடுவதற்கும் எடுப்பதற்கும் வைத்திருக்கிற நீளமான கோலைத்தான் மடிக்கோல் என்போம்.

இன்னொரு நிபந்தனை, ஒயரிங் ஆட்கள் மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே வரலாம். அதற்கும் இவர் சரி என்றார். துறையூர் பயம் இவருக்கும் உண்டு.

காலையில் ஃபெயில், சாயங்காலம் பாஸ்

வேலை அழகாக முடிந்தது. வெள்ளைப் பீங்கான் கட்டைகளை உத்தரத்தோரம் வரிசையாக அறைந்து, ஜோடி ஜோடியாக ஒயரை விறைப்பாக இழுத்திருந்தார். உள்கூடத்தில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் அந்தரத்தில் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் மெக்கர் வைத்துப் பார்த்தார். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. வீட்டுக்கு வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அருளப்பன் சைக்கிளில் வந்தார். பாலக்கரைக்காரர், தடித்த மீசை, பேச்சில் மட்டும் பூனைக்குட்டி மாதிரி சாது. எதிலும் சட்டத்தை விட்டு இம்மி நகர மாட்டார். வீடுகளில் ஒரு வாய் மோர் கொடுத்தால்கூட, "வேண்டாங்க, டியூட்டி" என்று கும்பிட்டுவிடுவார். மாமி மடியாக இருக்கிற நேரம் என்பதால் வாசல் ரேழியில் உள்ள மெயின் போர்டிலேயே மெக்கரை மாட்டிச் சுற்றினார். முள் தொப்பென்று விழுந்தது.

"எங்கியோ கசியுதுங்க. சரி பண்ணி வைங்க, மறுபடி வரேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால், முள் சமர்த்தாக நிற்கிறது. ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் சந்தேகத்துக்குப் பாதி ஒயரைக் கழற்றி மாட்டினார். இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டர் வந்தார். காலை வேளை. முள் விழுந்தது. சாயங்காலம் இவர் போனார். முள் நின்றது.

இவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டார். மெக்கர் பெட்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று நான் சுற்றிப் போட்டேன். மச்சினரிடமிருந்து கடிதம் வந்தது. கடலை நல்ல விளைச்சலாம், மண்டியில் எங்களுக்கு அறை ஒழித்துப் போட்டாயிற்றாம். கீழே ஓர்ப்படி தன் கையெழுத்தில், வரும்போது தம்ளர் கொண்டுவர வேண்டாம், இங்கே அளவு தம்ளர் இருக்கிறது என்று சேர்த்திருந்தாள். அளவு தம்ளர்! அன்றைக்கு நான் அழுதேன்.

உள்கூடத்தில் கண்ட காட்சி

மூன்றாம் சோதனை நாளும் வந்தது. இவர் இன்ஸ்பெக்டரை எதிர்கொண்டு அழைத்துவரக் காவேரிப் பாலம் பக்கம் போய்விட்டார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆண்பிள்ளைகள் காலையில் வக்கீல் மாமா வீட்டு ரேழியைத் தாண்ட முடியாது. நான் தாண்டலாமே? குளித்து, மடியாக உடுத்திக்கொண்டு, மாமிக்கு ஒரு கை பூத்தொடுத்துக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

உள்கூடத்தில் கால் வைத்ததும் தலையில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

ஒயரில் மாமியின் ஒன்பது கெஜம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஒயரில் மாமாவின் பஞ்சகச்ச வேஷ்டி. இரண்டும் சொட்டச் சொட்ட ஈரம். மாமி மடிக்கோலால் புடவையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மாமி, இது என்ன?" என்றேன்.

"கொடி."

அவள் முகத்தில் கள்ளம் கபடு ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான். உள்கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூங்கில் கொடி இருந்திருக்கிறது. ஒயர் போகிற வழியில் அது நின்றதால் இவர் அதைக் கழற்றிக் கொல்லையில் சாத்திவிட்டார். வேறு இடத்தில் கட்டித் தரவேண்டும் என்பது இவருக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் மாமி பார்க்கிறாள், மூங்கில் போய், அதே இடத்தில் அதே உயரத்தில், யார் கையும் படாத மாதிரி, வெள்ளைப் பீங்கானில் விறைப்பாக இரண்டு வரிசை. புடவைக்கு ஒன்று, வேஷ்டிக்கு ஒன்று. இப்படி யோசனையுள்ள பிள்ளை உண்டா என்று மாமி உருகிப்போயிருக்கிறாள். இரண்டு பேருக்கு இதைச் சொல்லியும் இருக்கிறாள். வெளி ஆட்கள் வருகிற சத்தம் கேட்டால் மடி கெட்டு விழுப்பாகிவிடுமே என்று, துணியை மட்டும் மடிக்கோலால் எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். காலையில் துணி போனாலும் ஒயரில் ஈரம் இருக்கும். மத்தியான வெயிலில் காய்ந்துவிடும். சாயங்காலம் இவர் வந்து மெக்கரைச் சுற்றுவார், முள் சமர்த்தாக நிற்கும்.

"மாமி, இது கொடி இல்லை. கரண்ட் ஓடப்போற ஒயர். கரண்ட் வந்தப்புறம் ஈரத்துணியை இதிலே போட்டா உசிருக்கே ஆபத்து" என்றேன்.

மாமி மடிக்கோலைத் தூக்கிக் காட்டி, "நான் கையாலே தொடலையேடி, கோலாலேதானே போட்டேன்" என்றாள்.

வக்கீல் மாமா சத்தம் கேட்டு வந்தார். விஷயம் புரிந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. சட்டம் தெரிந்தவராயிற்றே. துணி எட்டுகிற மாதிரியா ஒயர் கட்டினாய் என்று கேட்டால், காண்டிராக்டர்மேல்தான் குற்றம். இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னால் பெர்மிட் போகும். சொல்லாவிட்டால் முள் விழும், அப்போதும் பெர்மிட் போகும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு அளவு தம்ளர்தான்.

புடவையையும் வேஷ்டியையும் எடுத்தோம். ஒயரின் மேலே சுற்றியிருந்த நூல் தண்ணீரைக் குடித்துப் பொதபொதவென்று இருந்தது. இன்ஸ்பெக்டர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். மாமிதான் விசிறியைக் கொண்டுவந்தாள். கரண்ட் விஷயத்தில் அவளிடம் நான் கண்ட முதல் உற்சாகம் அது.

தொப்பியைக் கழற்றியவர்

அப்படி வீசிக்கொண்டிருந்தபோதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் தடவை என்பதால் ஒயரைக் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று ரேழியில் நிற்காமல் உள்ளே வந்துவிட்டார். நிலைப்படியைத் தாண்டவில்லை. தொப்பியை எடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

வீசுவதை நிறுத்த எங்களுக்குத் தைரியம் இல்லை.

இன்ஸ்பெக்டர் இவர் பக்கம் திரும்பி, கோயிலில் பேசுகிற குரலில், "பூஜைங்களா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி பெருமாள் அறையைப் பார்த்தாள். வக்கீல் மாமா கோர்ட்டில் தோற்கப்போகும்போது செய்வதைச் செய்தார். குரலை உயர்த்தினார். திருவாலவட்டத்தை வீசிக்கொண்டே பெருமாளின் திருநாமங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"ஆமாம் சார்" என்றார் இவர்.

"முடியட்டுங்க. நான் நிக்கறேன்."

நின்றார். மனுஷர் அசையவே இல்லை. மாமாவுக்குப் பதற்றத்தில் நாமங்கள் நடுவே வழி தவறிப்போய், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் தவறினார். அவர் தவறத் தவற எங்களுக்கு நல்லதாயிற்று. மாமி இடையில் போய்ச் சாம்பிராணிக் கரண்டியில் தணல் போட்டுக்கொண்டு வந்து ஒயருக்குக் கீழே காட்டினாள். புகை இன்ஸ்பெக்டரைச் சூழ்ந்தது. இருமினார், அப்போதும் போகவில்லை. என் கை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. அளவு தம்ளரை நினைத்துக்கொண்டு வீசினேன்.

கடைசியில் மாமாவின் தொண்டை கட்டிக்கொண்டது. பூஜை முடிந்தது. இன்ஸ்பெக்டர் ரேழிக்குப் போய் மெக்கரைச் சுற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது இவர் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். ஃபெயில் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. பாஸ் என்று வக்கீல் மாமா கட்டின தொண்டையால் மூன்று தடவை சொன்னபிறகுதான் நின்றது.

அன்று மத்தியானமே இவர் போய் மாமிக்குக் கொல்லைத் தாழ்வாரத்தில் மூங்கில் கொடி கட்டிக் கொடுத்தார். ஒற்றைக் கொடிதானா என்று மாமி குறைப்பட்டுக்கொண்டாள்.

விசிறிச் சட்டம்

லைசென்ஸ் வந்தது. துறையூருக்கு நானே கடிதம் எழுதினேன். இரண்டு வேளை காபி அதிகமாகக் குடித்துவிட்டு எழுதினேன்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். அடுத்து தென்னூரில் ஒரு சாயபு வீட்டுக்கு ஒயரிங். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பூஜை ஆயிடுச்சுங்களா? உங்க வழக்கத்தை எனக்காக விட வேண்டாங்க, நான் நிக்கறேன்" என்றார். இவர் என்ன செய்வார்? முதல் வீட்டில் ஆமாம் என்று சொல்லியாயிற்றே. சாயபுவிடம் போய் விசிறி இருக்கிறதா என்று கேட்டார். அவர் சர்க்கார் விதி போலிருக்கிறது என்று நினைத்து, தன் மச்சான்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வீசச் சொன்னார். ஒயருக்கு அத்தர் வேறு தெளிக்க வந்தார். அதை மட்டும் இவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மறுபடி ஈரமா!

அப்புறம் எந்த வீடானாலும் இதேதான். வீச ஆள் இல்லாத வீடுகளுக்கு நானே விசிறியோடு போனேன். திருவெள்ளறை மிராசுதார் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டியபோது, ஒயருக்கு வீசும் வைபவத்துக்கு நாதஸ்வரம் வைத்தார். மற்ற காண்டிராக்டர்கள் இதைப் பார்த்தார்கள். அந்த இன்ஸ்பெக்டர் வந்தால் விசிறி இல்லாமல் பாஸாகாது என்று பேச்சுப் பரவியது. புதிதாக லைசென்ஸுக்குப் போகிறவர்களிடம், சர்டிபிகேட், மெக்கர், போர்டு, விசிறி என்று வெற்றிலைக் கடைக்காரர்கூடச் சொல்ல ஆரம்பித்தார். ஒருவன் மயில்தோகை விசிறியோடு இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குப் போய், இது செல்லுமா என்று கேட்டானாம்.

இவருக்குத்தான் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனுஷரை ஏமாற்றிவிட்டோமே என்று ராத்திரி படுக்கையில் புரளுவார். போய்ச் சொல்லிவிடுங்களேன் என்பேன். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டால் என்று கேட்பார். நானும் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

வருஷங்கள் போயின. இன்ஸ்பெக்டர் அருளப்பன் ரிட்டையரானார். பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்கு அப்போதுதான் விளக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று இவரைக் கூப்பிட்டனுப்பினார். ஊருக்கெல்லாம் கரண்ட்டைப் பாஸ் பண்ணியவர் வீட்டில் அதுவரை அரிக்கேன் விளக்கு. வேலை முடிந்த அன்று, "அம்மாவையும் அழைச்சுட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். நான் பனை விசிறியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நல்ல வெயில். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் எங்களுக்கு முக்காலி போட்டாள். நான் விசிறியை எடுத்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இவருக்கு என்ன வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொடி, புடவை, வேஷ்டி, ஈரம், பூஜை என்று நாங்கள் சொன்ன பொய், ஒன்று விடாமல்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "தெரியுங்க" என்றார்.

இவர் என் கையை விட்டுவிட்டார்.

"நிலைப்படியில நின்னு தொப்பியைக் கழட்டினப்பவே என் வழுக்கையில ஒரு சொட்டு விழுந்துதுங்க. ஒயர்ல மின்சாரம் கசியும்னு படிச்சிருக்கேன். தண்ணி கசியும்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. உங்க ஒயரிங்ல ஒரு குத்தமும் கிடையாது. ஈரம் காயறதுக்குக் கொஞ்ச நேரம் கொடுக்கக்கூடாதுன்னு விதியில எங்கயும் சொல்லல. அதான் நின்னேன்."

"அப்புறம் ஏன் எல்லார் ஆத்திலேயும் விசிறி கேட்டேள்?" என்றேன் நான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. எத்தனை வீட்டில் இந்தக் கை வலித்திருக்கிறது!

அவர் சம்சாரத்தைப் பார்த்தார், மீசையைத் தடவினார், வெட்கப்பட்டார். "வெயில்ல சைக்கிள் மிதிச்சுட்டு வருவேங்க. லைசென்ஸ் கேக்கறவங்க வீட்டுல மோர் கொடுத்தாலும் வாங்கிக்கக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். எனக்கு வீசுங்கன்னு எப்படிக் கேக்கறது? கேட்டா லஞ்சமாயிடும். அன்னிக்கு வக்கீல் வீட்டு நிலைப்படியில நின்னப்ப, ஒயருக்கு வீசின காத்து என் மேலயும் பட்டுது. அப்படி ஒரு சுகம். ஒயருக்கு வீசுறாங்க, நான் சும்மா கீழ நிக்கறேன். அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாதில்லீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

இவர் என் கையிலிருந்த விசிறியை வாங்கிக்கொண்டு, அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவருக்கு வீசத் தொடங்கினார்.

"அட, வேண்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.